வெறும் போணி வீடு திரும்பப்புடாது

ஏலே பேராண்டி, நீ ஊருக்கு வந்ததுலேருந்து பாக்கேன். காலைல காப்பி குடிச்ச கையோட ஒரு நோட்ட எடுத்து மடியில வச்சிக்கிட்டு மோட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க. கவித எழுதுதியோ, கடன் கணக்கு எழுதுதியோன்னு உங்க ஆச்சிக்கு ராத்திரி ஒறக்கம் இல்ல. பைய விசாரிச்சதுல, உங்க ஆபீசுல யாரோ ஒரு அம்மா வகுப்பு எடுத்தாவளாம். தெனமும் நன்றி சொல்ல வேண்டிய விசயம் மூணு எழுதணுமாம், எழுதுனா மனசு லேசாயிருமாம். நல்லதுதான். எழுதுத கைய நான் ஏன் தடுக்கப் போறேன்? ஆனா நோட்டு தொறந்து கெடந்துச்சு, போற வாக்குல கண்ணு பட்டுட்டு. கண்ணாடியப் போட்டுக்கிட்டுத்தான் பட்டுச்சுன்னு வச்சிக்கோயேன். "குடும்பம், ஆரோக்கியம், வேலை"ன்னு எழுதியிருக்க. மறுநாளு பாத்தா "வேலை, குடும்பம், ஆரோக்கியம்." தாலுகா ஆபீசுல குடுக்குத மனுக்கூட இதவிட வெவரமா இருக்குமடா.

குடும்பம்னா யாருலே? அதுக்குப் பேரு கெடையாதா? விடியக்காலப் பனியில குரங்குக் குல்லாவ மாட்டிக்கிட்டு, கோயில்பட்டி டேசன் வாசல்ல ஸ்கூட்டர நிப்பாட்டி, நீ வருத முத்துநகர் எக்ஸ்பிரசுக்காவ நின்னான் பாரு உங்கப்பன், அவனா? வண்டி வாரதுக்கு ரொம்ப முன்னாலயே போயி நின்னுட்டான். ரெயிலு முந்தி வந்துட்டா பய தனியா நிப்பானேன்னு. ரெயிலு என்னைக்குலே முந்தி வந்திருக்கு? அவன்ட்ட நான் கேக்கலை, கேட்டா கோவம் வரும். நீ வந்து எறங்குன ஒடன, "ஏன்ப்பா வந்தீங்க, நான் ஆட்டோ புடிச்சி வந்திருப்பேன்ல"ன்னு சொன்னியாம். நோட்டுல குடும்பம், டேசன்ல ஆட்டோ. நல்லா இருக்குய்யா உன் கணக்கு.

டிக்கெட்டுக் கதையும் எனக்குத் தெரியும். முன்ன 120 நாளைக்கு முந்தியே புக்கிங் தொறப்பாவ, 2024 நவம்பர்லேருந்து அத 60 நாளாக் கொறச்சிட்டாவ. அதனால ஐப்பசி கடேசியிலயே காலைல 8 மணிக்கு விரல நீட்டிக்கிட்டு உக்காந்து, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள எல்லாம் தீந்து, எப்பிடியோ ஒண்ணப் புடிச்சி வந்து சேந்துட்ட. கெடைக்காத பிள்ளைய எல்லாம் கிளாம்பாக்கத்துல பஸ்ஸுக்கு நின்னு இடுப்பு ஒடிஞ்சி வந்துச்சுவ. அம்புட்டு பாடுபட்டு வந்த பய, வந்து எறங்குன அன்னைக்கே என்ன செய்யுதான்? திரும்பிப் போற டிக்கெட்டு வெயிட்டிங் லிஸ்ட்ல எத்தனாவது எடத்துல நிக்குன்னு பாக்கான். பொங்கலுக்கு வந்தியா, இல்ல திரும்பிப் போறதுக்கு வந்தியா?

கொண்டா அந்த நோட்ட. மூணு நான் சொல்லுதேன், நீ எழுது. மூணுல நிக்காது, அது வேற விசயம்.

மொதல்ல குளி. உனக்காவத்தான் உங்கப்பன் கீசரு மாட்டியிருக்கான், அத நான் கொற சொல்ல மாட்டேன். மூட்டு வலிக்கும்போது நானும் அதுலதான் குளிக்கேன். ஆனா பொறவாசல்ல வேலிக்கருவ வெறகு வச்சி அண்டாவுல வென்னி போடுதால்லா உங்க ஆச்சி, அதுல ஒரு நாளு குளிச்சிப் பாரு. தண்ணியில லேசா பொக வாசம் அடிக்கும். குளிச்சிட்டு, தலைய அரைகொறையாத் தொவட்டிட்டு, கெழக்க பாத்த செவுத்துல முதுகக் குடுத்து நில்லு. தை பொறக்குத நேரத்து எளவெயிலு மெட்ராசுலயும் இருக்கும். ஆனா அங்க செவுரு அடுத்த வீட்டுக்காரன் செவுரா இருக்கும். ஒண்ணும் நெனைக்காம நில்லு. முதுவு சுட்டா முன்னால திரும்பிக்கோ. இத்தன வருசத்துல நான் கத்துக்கிட்ட வித்த இதுதான். ஒரு விசயம், வெறகுக் கட்டு தொழுவத்துக்குப் பின்னால கெடக்கு. நாலு சுள்ளி எடுத்தாந்து போட்டா நீயும் குளிக்கலாம், உனக்குப் பெறவு நானும் குளிக்கலாம். எனக்காவச் சொல்லலை.

ரெண்டாவது சிறுகெழங்கு. இது நம்ம கரிசக்காட்டுல வெளையாது. தென்காசிப் பக்கம், மேக்க வெளையுத சரக்கு. பாவூர்சத்திரம் சந்தையில மூட்ட மூட்டையா எறங்கும், அங்கேருந்து நம்ம பக்கம் வரும். பொங்கலுக்கு இது இல்லாட்டி நெல்லச்சீமையில பொங்கல்னே ஒத்துக்கிட மாட்டாவ. மண்ணும் தோலுமா வரும் அந்தக் குட்டிக் கெழங்கக் கத்திய வச்சி ஒண்ணொண்ணா சீவிக்கிட்டு இருந்தா மாசியே வந்துரும். ஊறப்போட்டு, சாக்குல கொட்டி, வாயக் கட்டி, தரையில போட்டுப் பெரட்டணும், தேய்க்கணும், நாலு சாத்து சாத்தணும். தோலு தன்னால வழண்டு வந்துரும். சாத்தும்போது உன் மேனேசர நெனச்சிக்கோ. கெழங்கும் சுத்தமாவும், மனசும் லேசாவும், வகுப்பு எடுத்த அம்மாவுக்குப் பீசு குடுத்ததும் வீண்போவாது. கையில கறை புடிக்கும். லீவு முடிஞ்சி ஆபீசுக்குப் போனா, "என்ன சார் கையி"ன்னு யாராவது கேப்பாவ. சொல்லிக்கிடதுக்கு ஒரு கத ஆச்சுல்லா.

மூணாவது பனங்கெழங்கு. அது சோம்பேறி வெவசாயம். எனக்கு அதனாலயே புடிக்கும். ஆவணி பெரட்டாசியில பாத்தி கட்டி பனங்கொட்டைய அடுக்கி மண்ணப் போட்டு மூடிட்டா, அதுக்குப் பெறவு மழ பாத்துக்கிடும். தையில தோண்டுனா நீட்ட நீட்டமா கெழங்கு. கூடவே கொட்டைய ரெண்டா வெட்டுனா உள்ள வெள்ளையா தவுனு இருக்கும், எடுத்து வாயில போட்டா கரையும். சின்னப் பிள்ளையில நீ அதுக்கு அடிச்சிக்கிட்டு அழுதவன்தான். இப்ப கேட்டா, "சுகர் எவ்வளவு இருக்கும் தாத்தா"ங்க. கெழங்க மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சி, பொளந்து, நடு நரம்ப உருவிப் போட்டுட்டுத் தின்னணும். பல்லு இல்லாதவனுக்கு அத ஒரல்ல போட்டு இடிச்சி, தேங்காயும் பச்சமொளகாயும் கூட்டிக் குடுக்கணும். ஒரலு இங்கனதான் கெடக்கு. ஒலக்கையும் இருக்கு. இடிக்கத்தான் ஆளு இல்ல, பாத்துக்கோ.

பொங்க அன்னைக்கு நீ செஞ்ச கூத்த ஊரே சொல்லிச் சிரிக்கி. முத்தத்துல பொங்கக்கட்டிக்கு மேல ரெண்டு பானை ஏறியாச்சு, ஒண்ணு பால் பொங்கலு, ஒண்ணு சக்கரப் பொங்கலு. பன ஓல படபடன்னு எரியுது. பாலு பொங்கி வழியப் போவுது, ஆச்சியும் உங்க சித்தியும் குலவ போட வாயக் குவிச்சிட்டாவ. நீ செல்லத் தூக்கிக்கிட்டு, "ஆச்சி, ஒரு நிமிசம், சார்ஜ் போட்டுட்டு வந்துருதேன், அதுவர பொங்காமப் பாத்துக்கோங்க"ங்க! உங்க ஆச்சியும் பாவம், கரண்டியால அமுக்கிப் பாத்தா. பானைக்கு உன் சார்ஜுக் கத தெரியுமாலே? படம் புடிக்கத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூருன்னு மூணு நாளும் சல்லிக்கட்ட உன் செல்லுலதான் பாத்தேன், கூட்டத்துல மிதி வாங்காம. ஆனா குலவ போடுததுக்கு வாயி வேணும், ரெண்டு கையும் சும்மா இருக்கணும்.

பொங்கல்ல ராசா எதுன்னு கேட்டா, அடியில புடிச்ச காந்தல்தான். வெல்லமும் அரிசியும் நெய்யும் சேந்து தீஞ்சி, கரண்டியால சொரண்டுனா கருப்புச் செவப்பா பாளம் பாளமா வரும் பாரு, அதுதான். காந்தலத் தின்னா கல்யாணத்தன்னைக்கு மழ கொட்டும்னு ஒரு பேச்சு நம்ம வீட்டுல உண்டு. அதக் கெளப்பிவிட்டது நாந்தான். கல்யாணம் ஆவாத பிள்ளைய அத்தனையும் பயந்து எந்திரிச்சிப் போயிரும். எனக்குக் கல்யாணம் ஆயி ரொம்ப நாளாச்சுல்லா, என்ன பயம்?

மறுநாளு காலைல நீ எந்திரிக்கல. அத நான் மன்னிக்கவே மாட்டேன். முந்தின நாளு பால் பொங்கல்ல தண்ணி ஊத்தி வச்சிருக்கும். மிஞ்சுன கெழங்கு, அவரைக்கா, பூசணிக்கா, கொழம்பு எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டி, அடுப்புல ஏத்தி, சுண்டச் சுண்ட வச்சிருப்பா உங்க ஆச்சி. சுண்டக்கறின்னு பேரு. எது அவர, எது கருணக்கெழங்குன்னு சட்டிக்கே தெரியாது. அந்தப் பழைய பொங்கலப் பிழிஞ்சி வச்சிக்கிட்டு, இந்தச் சுண்டக்கறிய ஓரத்துல வச்சி... நீ ஒம்போது மணிக்கு எந்திரிச்சி வந்து, "ஓட்ஸ் இருக்கா"ன்னு கேட்ட. உங்க ஆச்சி என்னப் பாத்தா. நான் வானத்தப் பாத்தேன்.

அன்னைக்கு மாட்டுப் பொங்கலு. நம்ம தொழுவத்துல மாடு ஏது? உங்கப்பன் டிராக்டரக் கழுவி, மால போட்டு, சந்தனம் வச்சி, கரும்பும் கட்டிட்டான். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. மாடுன்னா வாயில ஒரு உருண்ட பொங்கல ஊட்டலாம், நக்கிக் குடுக்கும். இதுக்கு எங்க ஊட்ட? ஆனா பய ஸ்டீரிங்கத் தடவிக் குடுத்தான் பாரு, அப்ப எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு. மாட்டக் கூப்புடுத மாதிரி பேரு சொல்லித்தான் கூப்புடுதான் அத. என்ன பேருன்னு கேக்காத, உங்கம்மைக்கு வருத்தம் வரும். முன்னெல்லாம் காளக் கொம்புக்குக் கச்சிக் கொடி கலர அடிச்சி விடுவாவ. மேலத்தெருக் காளைக்கு ஒரு கச்சி, கீழத்தெருக் காளைக்கு ஒரு கச்சி. ஓட்டு இல்லாத சீவனுக்கு அம்புட்டு அரசியலு.

பொங்கல்ல ஒரு சௌரியம் சொல்லுதேன், இது பஞ்சாங்கத்துலயே அச்சடிச்சிருக்கு. தை 1, 2, 3 மூணும் கரிநாளு. நல்ல காரியம் எதையும் தொடங்கப்புடாது. நீ ஆபீசு லேப்டாப்பக் கொண்டாந்து, "அஞ்சே நிமிச வேல தாத்தா"ன்னு தொறக்கியே, அது நல்ல காரியமா, கெட்ட காரியமா? நல்ல காரியம்னா கரிநாள்ல தொடங்கப்புடாது. கெட்ட காரியம்னா தொடவே புடாது. உன் மேனேசரு கேட்டாருன்னா என்ட்ட போனக் குடு, பஞ்சாங்கத்த வாசிச்சிக் காட்டுதேன்.

சரி, இப்ப நான் உன்ன உக்கார வச்ச விசயத்துக்கு வாரேன். நேத்து எதுத்த வீட்டுலேருந்து அந்தச் சின்னப்பிள்ள ஒரு தூக்குப்போணியில பொங்கல் கொண்டாந்துச்சு. நீ வாங்குன, "தேங்க்யூ டா"ன்ன, உள்ள கொட்டுன, போணியப் பளபளன்னு கழுவி வெறும் போணியத் திருப்பிக் குடுத்துட்ட. அந்தப் பிள்ள போணிக்குள்ள எட்டிப் பாத்துச்சு, உன்னப் பாத்துச்சு, போயிட்டு. நீ மரியாதையாத்தான் நடந்தேன்னு நெனச்சிருப்ப. அதுக்குள்ள அங்க அதுக்க அம்மா, "என்னாச்சு, அவிய வீட்டுல ஏதும் கோவமா"ன்னு யோசிச்சிருப்பா.

நம்ம ஊருல போணி வெறுசாத் திரும்பாது. பொங்கல் வந்தா பொங்கலு போவும். நம்ம வீட்டுல பொங்கல் தீந்து போச்சா, ஒரு கை மொச்ச போடு. அதுவும் இல்லியா, ரெண்டு வெத்தல. ஒண்ணுமே இல்லாட்டி ஒரு பிடி சீனியப் போட்டு மூடிக் குடு. போட்டுக் குடுத்துட்டா என்ன ஆவும்? அவ வீட்டுக்கு நம்ம பொருளு போயிருச்சு, இனி அவ எதாவது அனுப்பணும். அவ அனுப்புனா நம்ம அனுப்பணும். யாரு யாருக்குக் கடன்னு எவனாலயும் சொல்ல முடியாது. நீ தேங்க்யூ சொன்ன பாரு, அதோட கணக்கு முடிஞ்சி போச்சு. கணக்கு முடிஞ்ச எடத்துக்கு எவம்லே திரும்ப வருவான்?

உனக்குத் தெரியாது, நீ பொறக்கலை. கீழத்தெருவுல ரெண்டு வீடு. வரப்புத் தகராறுல கோர்ட்டு வரைக்கும் போயிட்டாவ. ஆம்பளைய மொகம் பாத்துக்கிட மாட்டாவ. எதுக்க வந்தா ஒருத்தன் ஓடையில எறங்கி நடப்பான். ஆனா போணி மட்டும் போயிட்டு வந்துக்கிட்டு இருந்துச்சு. சண்ட வருததுக்கு முந்தி அந்த வீட்டுப் போணி இந்த வீட்டுல மாட்டிக்கிட்டு. வெறுசாக் குடுத்தா கௌரவம் போயிரும், குடுக்காம வச்சிக்கிட்டா திருட்டுப் பேரு வரும். அதனால ஒரு பண்டத்தப் போட்டுப் பிள்ளைய கையில குடுத்து விட்டாவ. அந்த வீட்டுப் பொம்பள விடுவாளா? அடுத்த நல்லநாளைக்கு அதே போணியில அதிரசம் வந்துச்சு. வக்கீலுக்கு இந்தக் கத தெரிஞ்சா கேச விட்டே ஓடியிருப்பாரு. கேசு என்னாச்சுன்னு கேக்காத, அது இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. அதிரசமும்தான்.

2023 மார்கழி தொடக்கத்துல பெஞ்ச மழைய மறந்திருக்க மாட்ட, நீ போன் போட்டு போன் போட்டுக் கெடைக்காமத் தவிச்ச மழ. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டரு கொட்டுச்சு. நம்ம பக்கம் உளுந்தும் மக்காச்சோளமும் தண்ணியில நின்னே அழுவிப் போச்சு. தை பொறக்க ஒரு மாசங்கூட இல்ல. பொங்கல் வேணுமா வேண்டாமான்னு ஊருல பேச்சு நடந்துச்சு, பெறவு எல்லாரும் சின்னப் பானையா வச்சாவ. ரேசன் கரும்பும் ரேசன் அரிசியும்தான் அந்த வருசம் பல வீட்டுல. 1983-ல எம்.ஜி.ஆர் தொடங்கி வச்ச இலவச வேட்டி சேலைய, மத்த வருசம் எடுத்து மடிச்சி வச்சிருவேன், அந்த வருசம் வாங்குன அன்னைக்கே கட்டுனேன். தெக்குத்தெருவுல ஒரு வீட்டுக்கு நம்ம போணி போச்சு. அவிய வீட்டுச் செவுரே ஒரு பக்கம் சரிஞ்சி கெடந்துச்சு. போணி திரும்பி வந்தப்ப உள்ள ஒரு புதுத் தீப்பெட்டி இருந்துச்சு. உங்க ஆச்சி அத இன்னும் ஒரசல, பரண்ல வச்சிருக்கா. என்னத்துக்குட்டி பொத்தி வச்சிருக்கன்னு கேட்டா, பீடி குடிக்கவன் கையில கெடைக்கப்புடாதுன்னுதாங்கா.

சரி, எந்திரி. எதுத்த வீட்டுக்கு இப்ப போ. இந்தா, அடுக்களையில அவிச்ச பனங்கெழங்கு இருக்கு, நாலு எடுத்துக்கோ. "நேத்து போணிய மாத்திக் குடுத்துட்டேன் அக்கா"ன்னு சொல்லு. பொய்தான். பண்டிக நாள்ல சின்னப் பொய்க்கு வரி கெடையாது. அந்தச் சின்னப்பிள்ளட்ட பேரு என்னன்னு கேளு.

நாளைக்கு நீ கெளம்பும்போது உங்கம்ம அட்டப்பெட்டி கட்டுவா. சிறுகெழங்கு, கருப்பட்டி, கோயில்பட்டிக் கடலமிட்டாயின்னு ஏகப்பட்டது இருக்கும். "எடை தாங்காதும்மா"ன்னு மொனங்காத, ரெயிலு தாங்கும். உங்க பிளாட்டுல எதுத்த கதவுல யாரு இருக்காவன்னு கேட்டேன், "யாரோ ஒரு பேமிலி"ன்ன. அங்கயும் குடும்பந்தானா? நம்ம வீட்டுத் தூக்குப்போணி ஒண்ணு தந்து விடுதேன், அதுல அவியளுக்குக் கெழங்குப் பொரியலு செஞ்சி குடு. போணி வெறுசாத் திரும்பி வந்தா மொகம் சுழிக்காத, அவிய ஊரு வழக்கம் என்னவோ. இன்னொருக்கக் குடு. மூணாவது தடவ எதாவது விழும்.

போணி பத்திரம். அது உங்க ஆச்சி சீதனமாக் கொண்டாந்தது, அடியில பேரு வெட்டியிருக்கு. தொலச்சியோ, உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டா, என்னத்தான் வாங்கு வாங்குன்னு வாங்குவா. சித்திரையில வரும்போது கொண்டா. அதுல என்னத்தப் போட்டுக் கொண்டாரதுன்னு யோசிக்காண்டாம், நானே சொல்லிருதேன். நெய் மைசூருபாகு, மெதுவானது, பல்லுக்கு வேல வைக்காதது. மேல ரெண்டு ஆரஞ்சு வச்சி மூடிக் கொண்டா. ஆரஞ்சு டாக்டருக்கும் உங்க ஆச்சிக்கும்.